சனிக்கிழமைக்குள் இறங்க வேண்டிய வேன்

2023 நவம்பர் 6, திங்கள், காலை 9.40

ஓடோமீட்டர்: 1,18,362. எண்ணெய் கசியும் இடங்கள்: ஐந்து.

இது டைரி இல்லை. வேலைக்குறிப்பு. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் சர்வீஸ் சென்டரில் வண்டி உள்ளே வந்ததும் ஜாப் கார்டு போட்டுவிடுவோம். வால்பாறையில் கார்டுக்கு எங்கே போவது? எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

வண்டி: பழைய பெட்ரோல் வேன். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்.

புகார்: எண்ணெய் ஒழுகுகிறது. வண்டிக்குள் எண்ணெய் வாடை. டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி) தானாகவே மேலே எழும்பி நிற்கிறது. எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் சீல் இரண்டு தடவை மாற்றியாச்சு, மறுபடி ஒழுகுகிறது.

ஓனர்: பெஞ்சமின். தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்கு மருந்துப் பெட்டியோடு போய்வருவது இந்த வேனில்தான்.

ஓனரின் மனைவி: வினோதினி. என் அக்கா. எட்டரை மாதம்.

அவசரம்: அக்காவுக்கு பி.பி. ஏறுகிறது. "இங்க வெச்சுப் பிரசவம் பார்க்கற பேச்சே வேண்டாம், பதினஞ்சாம் தேதி பொள்ளாச்சியில சேர்ந்துடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொள்ளாச்சியில்தான் எங்கள் வீடு. தலைப்பிரசவம் எப்படியும் அங்கேதான் நடக்க வேண்டும். அப்பா சனிக்கிழமை டாக்சி அனுப்புகிறார். டாக்சியில் அக்கா மட்டும் வரலாம், மாப்பிள்ளை வரக்கூடாது. அக்கா அதற்கு மேல். "அவரு ஓட்டற வண்டியில, அவரு பக்கத்துல உக்காந்து, அந்த வாசல்ல இறங்குவேன். இல்லேன்னா இங்கயே கெடக்கறேன்."

நடுவில் அம்மா. போனில் அழுதாள், பிறகு சொன்னாள்: "நீ லீவு போட்டுட்டுப் போய் அந்த வண்டியப் பாருடா கண்ணு. மனுசங்க விசயம் உனக்கு வேண்டாம். வண்டிதான் உனக்குப் புரியும்."

புரியும். அதனால் வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சர்ச்சில் நடந்த கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. இது வேலைக்குறிப்பில் சேராது.

அதே நாள், மாலை

முன்சீட்டைத் தூக்கினேன். இன்ஜின் முழுக்க எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அல்வா மாதிரி. எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளையாக, கடைந்த வெண்ணெய் ஒட்டியிருப்பது போல் இருக்கிறது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் இப்படித்தான் ஆகும்.

"ஹெட் கேஸ்கெட் போச்சு" என்றேன். "ரேடியேட்டர் தண்ணி இன்ஜினுக்குள்ள இறங்குது. இப்படி வண்டிய வெச்சிருந்தா எப்படி உருப்படும்?"

ஓனர் கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டார்ச்சை நான் கேட்கவில்லை.

பொள்ளாச்சிக் கடைக்குப் போன் செய்து கேஸ்கெட் அனுப்பச் சொன்னேன்.

நவம்பர் 7, செவ்வாய்

மழை. எதிரே இருக்கிற தேயிலைச் சரிவு தெரியவில்லை. கேஸ்கெட் வரவில்லை. ஓனர் டீ கொடுத்தார். குடித்தேன்.

நவம்பர் 7, மதியம் 3 மணி

கேஸ்கெட் வராததும் நல்லதுக்குத்தான்.

சும்மா உட்கார முடியாமல் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கழுத்துவரை நிற்கிறது. நேற்றும் அதே அளவு. ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் இன்ஜினுக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும்? கேஸ்கெட் போகவில்லை. நான் சொன்னது தப்பு.

கடைவீதியில் சித்திக் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சீல் மாற்றியது அவர்தான்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருச்சு தம்பி. இன்ஜின இறக்கி சிலிண்டரக் கடைஞ்சு போர் வேலை செய்யணும். தீபாவளி கழிச்சு வா."

"கம்ப்ரஷன் பார்த்தீங்களா?"

"எத பார்த்தேன்?"

"கம்ப்ரஷன் கேஜ் வெச்சுப் பார்க்காம ரிங்கு தேஞ்சிருச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"டிப்ளமாவா?"

"ஆமா."

"அதான் பார்த்தேன்." பையனைக் கூப்பிட்டு, "டிப்ளமா சாருக்கு ஒரு டீ சொல்லு, சூடா இருக்கார், இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்" என்றார். ஆனால் கேஜைக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனிதர். வைத்தியம்தான் தப்பு.

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்திப் பிடிக்கிற பலம், சரியாக இருக்கிறது. ரிங் தேயவில்லை.

ஹெட் கேஸ்கெட் என்று நான் சொன்னது தப்பு என்று சாப்பிடும்போது ஓனரிடம் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? அவர் தலையாட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் கருவாடு போட்டுக்குங்க தம்பி" என்றார்.

சாப்பிட்டதும் அக்கா கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். பார்க்கும்போது அவர் மூச்சு விடுவதில்லை. எண் வந்த பிறகுதான் விடுகிறார்.

"என்னடா, வந்த நாள்லேர்ந்து பார்க்கறேன்" என்றாள் அக்கா, அவர் கை கழுவப் போனதும். "அவர என்னன்னு கூப்பிடறே நீ?"

"கூப்பிடவே இல்லையே."

"அதத்தான் கேக்கறேன்."

நவம்பர் 8, புதன், காலை 11 மணி

கண்டுபிடித்தாச்சு.

எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே இறங்கும். புது இன்ஜினிலும் இறங்கும். கீழே எண்ணெய் இருக்கிற அறையில் அது சேரும். சேர்ந்த புகையை வெளியேற்ற இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஒன்று, விரல் நீளத்தில் ஒரு வால்வு. இன்ஜின் தானே புகையை அதன் வழியாக உறிஞ்சி எரித்துவிடும். இன்னொன்று, ஏர் ஃபில்டரிலிருந்து வருகிற ரப்பர் குழாய். அது நல்ல காற்றை உள்ளே விடும். ஒர்க்‌ஷாப்பில் பிரீதர் பைப் என்பார்கள். இன்ஜின் மூச்சு விடுவது இப்படித்தான். இரண்டும் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். டிப்ஸ்டிக்கைத் தள்ளும். சீலைத் தள்ளும். எங்கே பலவீனமோ அங்கே எண்ணெய் பிதுங்கும். சீலை எத்தனை தடவை மாற்றினாலும் பிதுங்கத்தான் செய்யும்.

சோதனை சுலபம். இன்ஜினை ஓடவிட்டு எண்ணெய் மூடியைக் கழற்றி, அந்த வாய்மேல் ஒரு காகிதத்தை வைக்க வேண்டும். ஆரோக்கியமான இன்ஜின் காகிதத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மருந்து மடித்துக் கொடுக்கிற காகிதக் கவர் ஒன்றை வைத்தேன். பறந்துபோய் அக்கா மடியில் விழுந்தது.

வால்வைக் கழற்றி ஆட்டினேன். உள்ளே இருக்கிற உருளை கிணுகிணுவென்று ஆட வேண்டும். சத்தமே இல்லை. வெள்ளைக் கசடு கெட்டிப்பட்டு அடைத்திருக்கிறது. காரணம் இந்த ஊர்க் குளிர். ஓனர் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவார், நிறுத்துவார், மருந்து கொடுப்பார், மறுபடி இரண்டு கிலோமீட்டர். இறக்கம் வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவார். இன்ஜின் சூடாகவே விடுவதில்லை. சூடாகாவிட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகாது. எண்ணெயோடு கலந்து வெண்ணெயாகிவிடும்.

சரி, ஒரு வழி போச்சு. இன்னொரு வழி?

பிரீதர் பைப் வந்து சேர வேண்டிய இடத்தில் பைப்பே இல்லை. இரும்பு மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயில் சாம்பல் நிற ரப்பர் மூடி ஒன்று. அதற்கு மேல் வெள்ளை பிளாஸ்டர், மூன்று சுற்று, ஒரு சுருக்கம் இல்லாமல்.

ஊசி மருந்து பாட்டிலின் மூடி. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். எந்த மெக்கானிக்கும் செய்த வேலை இல்லை. யார் செய்தது என்று கேட்க வேண்டியதும் இல்லை.

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கத்தினேன். "இன்ஜின் வாயை அடைச்சு வெச்சிருக்காரு! எந்த முட்டாளாவது இத செய்வானா? அஞ்சு மாசமா எண்ணெய் ஒழுகுதேன்னு ஊரெல்லாம் கேட்டவரு, இத ஒரு வார்த்தை சொன்னாரா?"

அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மூடியைப் பார்த்தாள். சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"உக்காரு."

"உக்கார நேரமில்ல."

"அப்ப நின்னுட்டே கேளு. ரெண்டாம் மாசம் எனக்கு வாந்தின்னா வாந்தி. சோத்து வாடை ஆகல, சோப்பு வாடை ஆகல. இந்த வேன்ல ஏறினா எண்ணெய் வாடை நேரா என் மூஞ்சியிலதான் அடிக்கும். செக்கப்புக்குப் போறதுக்குள்ள நாலு தடவை நிறுத்தணும். ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாம சீட்டைத் தூக்கிப் போட்டு என்னமோ பண்ணாரு. ஒரு குழா வெடிச்சிருந்துதாம், அதுலேர்ந்துதான் வாடைன்னாரு. அதப் புடுங்கிட்டு இத வெச்சாரு. கொஞ்ச நாள்ல எனக்கு வாந்தி நின்னுபோச்சு."

"மூடி வெச்சதாலயா? மூணு மாசம் முடிஞ்சா எல்லாருக்கும்தானே நிக்கும்?"

"நர்ஸம்மாவும் அதான் சொன்னாங்க."

"அவரு பார்மசிஸ்ட்தானே? அவருக்கு இது தெரியாதா?"

"ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கற ஆளுடா. பொண்டாட்டின்னா ஒண்ணும் தெரியாது." பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "வாடை போயிருச்சா, வாடை போயிருச்சான்னு தெனம் கேப்பாரு. அவ்வளவு சந்தோசம். நான் எதுக்குப் போயி நர்ஸம்மா இப்படிச் சொன்னாங்கன்னு சொல்லணும்?"

அவள் சொன்னதில் ஒரு தகவல் முக்கியம்: குழாய் வெடித்தது முதலில். அப்படியானால் வால்வு அதற்கும் முன்பே அடைத்திருக்கிறது. போக வழியில்லாத புகை நல்ல காற்று வரும் குழாயில் திரும்பி வந்து, வெடிப்பு வழியாக வண்டிக்குள் புகுந்திருக்கிறது. வரிசை அதுதான்.

மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மாலை

ஓனர் ஆறு மணிக்கு வந்தார். வாசலிலேயே மூடியைக் காட்டினேன். காலையிலிருந்து என்னென்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். நன்றாகவே யோசித்திருந்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப எல்லாம் என்னாலதானா தம்பி? அந்த ஒழுகல், புதுசா வந்த வாடை..."

"ஆமா" என்றேன்.

அவர் மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"பாதி" என்றேன். "வால்வு முதல்லயே அடைச்சிருந்தது. மூடி வெக்காம இருந்தாலும் கொஞ்ச நாள்ல பிரச்சனை வந்திருக்கும்."

ஆறுதலுக்குச் சொல்கிற ஆள் நான் இல்லை. கஸ்டமரிடம் பேச விடாமல் என்னை உள் வேலைக்கு மாற்றியதே அதனால்தான். இது கணக்குப்படி சரி. பாதிதான்.

நவம்பர் 9, வியாழன்

வால்வைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினேன். முதலில் கறுப்பு, பிறகு பழுப்பு, பிறகு தெளிவு. ஆட்டினால் கிணுகிணு. அக்கா வாங்கி வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாள். "உதைக்குதுடா" என்றாள்.

பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் விட்டாச்சு. மேல்மூடி கேஸ்கெட் மாற்றியாச்சு. பிரேக் பார்த்தாச்சு, நன்றாக இருக்கிறது.

குழாய் இல்லை. எண்ணெய்ப் புகையும் சூடும் தாங்குகிற ரப்பர் குழாய் வேண்டும். வால்பாறையில் கிடைக்கவில்லை. தீபாவளிக்குப் பாதிக் கடை மூடியாச்சு. திறந்திருக்கிற கடையில் பட்டாசு விற்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் தண்ணீர்க் குழாய் இருந்தது, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அளவு சரியாக இருந்தது. வாங்கி மாட்டினேன். இரண்டு நாளைக்குத் தாங்காதா என்ன?

தாங்கவில்லை.

மாலை பெஞ்சமினை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு கிலோமீட்டர்வரை நன்றாகப் போனது. பிறகு வாடை. சீட்டைத் தூக்கினால் சூட்டில் குழாய் துவண்டு, பழைய இட்லித் துணி மாதிரி உள்ளே ஒட்டிக்கிடக்கிறது. டிப்ஸ்டிக் எழும்பி நிற்கிறது. முதலாம் ஆண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும், இந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் போடக் கூடாது. எனக்கும் தெரியும். அவசரம்.

டயரை உதைத்தேன்.

பெஞ்சமின் சாலையோரத்தில் நின்று என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத விட்டுருங்க தம்பி" என்றார். "இந்த வண்டியில நல்லா இருக்கறது டயரு ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தால் என்ன செய்ய முடியும்?

எண்ணெய் மூடியைத் தளர்த்தி வைத்து மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி. குழாய் வாங்கி மாலைக்குள் திரும்ப வேண்டும். சனிக்கிழமை டாக்சி வந்துவிடும்.

நவம்பர் 10, வெள்ளி, பொள்ளாச்சி, காலை 10.30

குழாய் கிடைத்தது. குழாயை இறுக்கக் கிளாம்ப் நான்கு. புது வால்வு இல்லை, பழையதே போதும்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போனேன்.

அப்பா வாசலில் நின்று தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கட்டிட மேஸ்திரியாக இருந்தவர். கேட்டுக்கு உள்ளே இருக்கிற சிமெண்ட் தரை அவர் கையால் பூசியது. செருப்போடு நடந்தாலே முறைப்பார்.

"வண்டி என்னாச்சு?"

"குழாய் மாட்டினா ஆச்சு."

தண்ணீரை நிறுத்தினார். "முகிலா. அந்த வண்டி ஆகாதுன்னு சொல்லிடு."

"எது ஆகாது?"

"நீ படிச்சவன். நீ சொன்னா உங்கக்கா நம்புவா. வண்டி மலை இறங்காது, டாக்சியில போன்னு சொல்லு. அவளும் வந்துருவா, யாருக்கும் சங்கடமில்ல. பொண்ணு உடம்பு முக்கியமா, அந்தாளு வண்டியில வர்றது முக்கியமா?"

உடம்புதான் முக்கியம். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்கா நம்புவாள். பெஞ்சமினும் நம்புவார். தன்னால்தான் வண்டி கெட்டது என்று அவர் ஏற்கனவே நம்பிக்கொண்டிருக்கிறார்.

"வண்டி நல்லா ஆயிரும்ப்பா. நல்லா ஆகற வண்டிய ஆகாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"உனக்கும் சோறு போட்டு மயக்கிட்டானா?"

"சோறு போட்டாரு. கருவாட்டுக் கொழம்பு. நல்லா இருந்துச்சு."

அப்பா குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் என் செருப்பில் அடித்தது. வேண்டுமென்று அடித்ததா தெரியவில்லை.

கிளம்பும்போது சொன்னேன்: "ஊசி மருந்து பாட்டில் மூடியால இன்ஜின அடைச்சு வெச்சிருந்தாருப்பா. எதுக்குன்னு அக்காகிட்ட கேளுங்க."

அம்மா கேட்வரை வந்தாள். "எதுக்குடா?" என்றாள். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்ப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதே நாள், மாலை 5.15, வால்பாறை

குழாய் மாட்டியாச்சு. இருபது கிலோமீட்டர் ஓட்டியாச்சு. எண்ணெய் ஊற்றும் வாய்மேல் காகிதம் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. பெஞ்சமினை எடுக்கச் சொன்னேன். இழுத்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவை, "போதும், இன்ஜின் கோவிச்சுக்கும்" என்றேன்.

நவம்பர் 11, சனி

டாக்சி எட்டு மணிக்கே வந்துவிட்டது. டிரைவர் தீபாவளி அவசரத்தில் இருந்தார். "ஒருத்தர்தான்னு சொன்னாங்க. சீக்கிரம் ஏறுங்கம்மா."

"நான் ஏறல" என்றாள் அக்கா.

பெஞ்சமின் பி.பி. பார்த்தார். நேற்றையதைவிடக் குறைவு. பார்த்த பிறகும் அவர் அவளிடம், "வினோ, டாக்சியிலயே போயிடேன். நான் வாசல்ல வந்து நிக்கணும்னு என்ன இருக்கு?" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னது: வேன் போகும். நான் உத்தரவாதம். ஆனால் டாக்சி காலியாகப் பின்னாலேயே வரட்டும். வழியில் வாடை வந்தாலோ, அக்காவுக்குத் தலை சுற்றினாலோ மறுபேச்சில்லாமல் மாறி ஏற வேண்டும். டாக்சி டிரைவர், "கல்யாண ஊர்வலமாங்க?" என்றார். "ஆமா, ரெண்டு வருசம் லேட்டு" என்றாள் அக்கா.

கிளம்பினோம். அக்கா முன்சீட்டில், இன்ஜினுக்கு நேர் மேலே. நான் பின்னால், நடுவில் தலையை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு.

வரையாடு இரண்டு ரோட்டில் நின்றன. பெஞ்சமின் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். பின்னால் டாக்சி அடித்தது.

நாற்பதாவது கொண்டை ஊசி வளைவு; எண் மலையடிவாரத்திலிருந்து தொடங்குகிறது. அதைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் அவர் கை பழக்கத்தில் கியர் கம்பிக்குப் போய் நியூட்ரலுக்குத் தள்ளியது. வண்டி விட்டேற்றியாக உருண்டது.

"மாமா! கியர்ல விடுங்க!"

அவர் உடனே மூன்றாவது கியருக்குப் போட்டார். வண்டி பிடித்து நின்று இறங்கியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் தெரிந்தது. சிரித்தால் அவளுக்குக் காது ஏறும், சின்ன வயசிலிருந்தே.

மூன்றாவது கியரில் இன்ஜின் பிரேக்கிங் சரியாக இருந்தது.

ஒன்பதாவது வளைவில் நிறுத்தினோம். கீழே ஆழியார் அணை. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். டிப்ஸ்டிக் இருந்த இடத்தில் இருந்தது. குழாய் விறைப்பாக இருந்தது. எண்ணெய் இல்லை. "வாடை?" என்று கேட்டேன்.

"வருது" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பட்டாசு வாடைடா. கீழ ஊர்ல வெடிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

மாமா அப்போதுதான் மூச்சு விட்டார்.

பன்னிரண்டரைக்கு வீடு. கேட் மூடியிருந்தது. ரோட்டோரம் நிறுத்தினார். அக்கா இறங்கி நின்றாள். மாமா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். அப்பா மெதுவாக வந்தார். வேனைப் பார்த்தார். குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தார்.

"ரோட்டுல எதுக்கு நிக்குது?" என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "பசங்க பட்டாசு வெப்பானுக. உள்ள விடச் சொல்லு."

இரண்டு கதவையும் அவரே திறந்தார். பிறகு வீட்டுக்குள் போய்ப் பழைய பேப்பர் எடுத்துவந்து, இன்ஜினுக்கு நேர் கீழே, அவர் பூசிய தரைமேல் விரித்தார். நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

"ஒழுகாதுப்பா" என்றேன்.

"பாப்போம்."

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

விடிகாலையில் அப்பா வெளியே போனார். நான் பின்னால் போனேன். மாமா ஏற்கனவே அங்கே குனிந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு சொட்டு.

"இருக்கே" என்றார் அப்பா.

"அது பழசுப்பா. அடியில ஒட்டியிருந்தது. துடைச்சா போயிரும்."

"பழசா?"

"ஆமா."

அப்பா பேப்பரை எடுத்து மடித்தார். கொஞ்ச நேரம் வேனைச் சுற்றி வந்தார். "வினோதினி சொன்னா. அந்த மூடி விசயம்" என்றார், டயரைப் பார்த்துக்கொண்டு. "மேஸ்திரி வேலையில நானும் ஒரு தடவ அப்படித்தான். உங்கம்மா மாசமா இருந்தப்ப சுண்ணாம்பு வாடை ஆகலன்னு மூணு மாசம் வெளியூர்ல வேலை எடுத்தேன். திட்டித் தீர்த்துட்டா."

அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். மணையில் முதலில் அக்கா, பிறகு நான். அப்பாதான் தலையில் எண்ணெய் வைப்பார், எங்கள் வீட்டில் அப்படித்தான். மாமா தள்ளி, வேன் பக்கத்தில் நின்றார்.

"அவரு எண்ணெய் வெச்சுக்குவாரா, கேளு" என்றார் அப்பா என்னிடம்.

"நீங்களே கேளுங்க. அங்கதான நிக்கறாரு."

அப்பா என்னை முறைத்தார். பிறகு திரும்பி, தொண்டையைச் செருமி, "வெச்சுக்கறீங்களா?" என்றார்.

"வைங்க மாமா" என்றார் அவர். வந்து மணையில் உட்கார்ந்தார். அப்பா வைத்தது கொஞ்சம் அதிகம். கன்னம்வரை வழிந்தது.

"இங்கயும் ஒழுகுது" என்றாள் அக்கா. அப்பாதான் முதலில் சிரித்தார்.

காலை பி.பி. நார்மல்.

இனி செய்ய வேண்டியவை:

1. ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை மறுபடி மாற்ற வேண்டும். மீதி வெள்ளைக் கசடு அதில் வந்துவிடும்.

2. கோயம்புத்தூரில் புது வால்வு வாங்க வேண்டும். சித்திக் அண்ணனுக்குக் கேஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருக்கும் ஒரு வால்வு வாங்கிப் போக வேண்டும். கழற்றி, ஆட்டிக் காட்டலாம். டீ அவர் சொல்வார்.

3. வாரம் ஒரு தடவை வேனை இருபது கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். வாடை வராது.

4. இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. மாமாவிடம் இன்னொரு தடவை சொல்ல வேண்டும், கத்தாமல்.

5. புதன் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி. மாமா ஓட்டுவார். அப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்து, "எடம் பத்தும்" என்று சொல்லியாச்சு.

6. லீவை நீட்டிக்க வேண்டும். காரணம் கேட்டால் உண்மையைச் சொல்லலாம்: மாமா ஆகப்போகிறேன்.

7. ரப்பர் மூடி இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. இன்ஜினில் இருக்கக் கூடாத பொருள். வேறு எங்கேயும் இருக்கலாம். தூக்கிப் போட வேண்டாம்.